புலி தின்ற அண்ணனுக்கு ஓர் இலை

“ஏப்பா, ஒங்க ஊர்ப் பக்கம் அரைமலையான்னு பேர் உள்ளவுக யாராச்சும் இருக்காகளா?”

என் மாமனார் ஒச்சாண்டி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. தேனிச் சந்தையில் வண்டியை அவிழ்த்துப் போட்டு மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே கேட்டார். இல்லை என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றார். யோசித்துவிட்டு மறுபடியும் இல்லை என்றேன். அதோடு நான் அவருக்கு வேண்டாதவனாகிவிட்டேன். திரும்பிக்கொண்டு மாட்டோடு பேச ஆரம்பித்துவிட்டார். இந்த மனுஷனுக்கு நீ மருமகனாகப் போகிறாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

அவர் காமயகவுண்டன்பட்டிக்காரர். பார வண்டி ஓட்டினார். கம்பத்திலிருந்தும் சுற்றுப்பட்டியிலிருந்தும் நெல்லும் புளியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு தேனிக்கு வருவார். திரும்பும்போது உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போவார். போடிக்கு ரயில் வந்த புதிது அது. ரயில் வந்தால் வண்டிக்காரன் பிழைப்புப் போயிற்று என்றார்கள். ஆனால் ஸ்டேஷனுக்குச் சரக்குக் கொண்டுபோகவே வண்டி போதவில்லை. வழி நெடுக, சின்னமனூரிலும் வீரபாண்டியிலும், வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவர் கேட்டது இந்த ஒரே கேள்விதான். தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுயம்புலிங்கம், அவர் தலை தெரிந்ததுமே, “இன்னிக்கும் ஒருத்தரும் வரலண்ணாச்சி” என்று சொல்லிவிடுவார். அவர் கேட்பதற்கு முன்னால் பதில் சொல்லிப் பழகிவிட்டார்.

அரைமலையான் என்பது வகையறாப் பெயர். எங்கள் பக்கத்தில் ஒரே வகையறா என்றால் பங்காளி. அண்ணன் தம்பி முறை. வேறு வகையறா என்றால்தான் பெண் கொடுத்து எடுக்கலாம். சில வகையறாவுக்கு ஊருக்கு ஊர் ஆள் உண்டு. குலசாமி கும்பிடு என்று கூடினால் பந்தி மேல் பந்தியாகப் போட்டு மாளாது. அரைமலையான் வகையறாவுக்குப் பந்தியே வேண்டாம். ஒச்சாண்டி மாமா ஓரமாக உட்கார்ந்தால் வகையறா முழுக்க உட்கார்ந்ததாகக் கணக்கு. அவருடைய அப்பாவும் ஒற்றைப் பிள்ளை, தாத்தாவும் ஒற்றைப் பிள்ளை. மேலே போகப் போகப் பெயர் ஒரு கயிறு மாதிரி ஒற்றை இழையாகத்தான் வந்திருக்கிறது.

பெயர் வந்த கதையை அவர் எனக்குச் சொன்னது கொஞ்ச நஞ்சத் தடவையல்ல. வடக்கே பஞ்சம் வந்து, அண்ணனும் தம்பியும் மாடுகளைப் பத்திக்கொண்டு மலையேறினார்களாம். தம்பி பெண்டாட்டி நிறைமாதம். பாதி மலையில் அவளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பசு காணாமல் போயிற்று. அண்ணன் பசுவைத் தேடிப் போனான். பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. புலி உறுமுகிற சத்தம் கேட்டது. போனவன் திரும்பவில்லை. பாறை ஓரத்தில் பிள்ளை பிறந்தது. தம்பி காத்துக் காத்துப் பார்த்தான். பச்சைப் பிள்ளையைக் குளிரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? அழுதுகொண்டே சுருளிப் பக்கம் இறங்கிவிட்டான். அடிவாரத்து ஆட்கள், “எங்கயிருந்துப்பா வர்றீக?” என்று கேட்க, “அரை மலையிலருந்து” என்றானாம். அதுவே பெயராயிற்று.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். நல்ல நாள் பெரிய நாளில் சோறு பொங்கினால், வந்தவர்கள் உட்காருவதற்கு முன்னால் மலையைப் பார்த்த மாதிரி ஓர் இலை தனியாகப் போடுவார்கள். சோறு, குழம்பு, கறி எல்லாம் வைப்பார்கள். அது புலி தின்ற அண்ணனுக்கு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அந்த இலையை அப்படியே எடுத்துப் பசு மாட்டுக்கு வைத்துவிடுவார்கள்.

அவர் ஏன் இப்படி ஆள் தேடி அலைந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அவரைப் பைத்தியக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். அவருடைய அப்பா செத்தபோது நீர்மாலை எடுக்கப் போனார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும்போது மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வர வேண்டும். நாலு முனையையும் பங்காளிகள் பிடிப்பதுதான் முறை. அவருக்குப் பங்காளி ஏது? மாமன் மச்சான்களைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். ஒருவன் கை வலிக்கிறது என்று பாதி வழியில் முனையை விட்டுவிட்டான். வேட்டி சரிந்து குடத்தின் மேலும் இவர் முகத்தின் மேலும் விழுந்தது. கூட்டத்தில் எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்பை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அவருக்குப் பிறந்த ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. பஞ்சம்மாள் ஒருத்திதான் மிச்சம். “நாஞ் செத்தா கொள்ளிக்குடம் தூக்க அரைமலையான் ஒருத்தன் வேணும். எங்கனயாவது இருப்பான்” என்பார். புலி தின்றவனுக்கு வம்சம் எப்படி இருக்கும் என்று கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

இந்தக் கேள்வியால் பஞ்சம்மாளுக்கு வந்த மாப்பிள்ளைகள் ஓடினார்கள். சின்னமனூரிலிருந்து ஒரு கூட்டம் பெண் பார்க்க வந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, “ஒங்க முன்னோர்ல யாரையாச்சும் புலி அடிச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டார். குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது என்று அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். என் மாமியார் ராமுத்தாய் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

பிறகு சுருளியாண்டி என்ற ஊர்க்காரர் மயிலாடும்பாறையிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். கருத்தக்கண்ணன் என்பவருடைய மகன் முத்துக்கருப்பன். நல்ல விவசாயக் குடும்பம். மொளகாத் தோட்டத்தார் என்றுதான் அங்கே பெயர். சுருளியாண்டி அவர்கள் கும்பிடுகிற சாமியை விசாரித்தார். வேறு சாமி. சாமி வேறென்றால் வகையறாவும் வேறுதானே என்று முடிவு கட்டிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வகையறாவுக்கு உலகத்தில் ஒரே ஆள்தான், அந்த ஆளும் தினம் வண்டியோட்டிக்கொண்டு எதிரே வருகிறார்; அதைப் போய் இன்னொரு வீட்டில் எவன் விசாரிப்பான்?

பஞ்சம்மாள் அப்பனைத் தொழுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மாப்ள வீட்டாருகிட்ட அரைமலை, புலி, ஒண்ணும் பேசப்பிடாது. செவலை நெத்தியில கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

“ஆத்தா, ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“ஒரு வார்த்தையும் கெடையாது. கைய வைங்க.”

சாமி மேல் சத்தியம் என்றால் அவர் ஏதாவது சந்து கண்டுபிடித்திருப்பார். செவலைக் காளை மேல் வைத்த சத்தியத்தை மீற மாட்டார் என்று மகளுக்குத் தெரியும். கையை வைத்தார்.

முத்துக்கருப்பன் பெண் பார்க்க வந்தான். எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்கக் கூடாது. ஒரு வீட்டில் இன்னொரு வீட்டார் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தான். குடித்த செம்பை முற்றத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதைப் பஞ்சம்மாள் உள்ளிருந்து பார்த்தாள். பிடித்துவிட்டது. இதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? என் பெண்டாட்டிதான் சொன்னாள். குடித்த செம்பை நான் இன்றுவரை கழுவி வைத்ததில்லை என்பதையும் அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பரிசம் போட நாள் குறித்தார்கள். மயிலாடும்பாறையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தாம்பூலம் மாற்ற நல்ல நேரம் மதியத்துக்கு மேல்தான் என்பதால் முதலில் பந்தி. இரண்டு வீட்டாரும் முதன்முதலாகக் கை நனைக்கிற பந்தி. நான் அங்கே இல்லை. என் மாமியார் சொல்லிச் சொல்லி அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒச்சாண்டி மாமா வழக்கப்படி மலையைப் பார்க்க ஓர் இலையைப் போட்டார். சத்தியம் பேச்சுக்குத்தானே, இலைக்கு இல்லையே. சோற்றை வைத்தார், கறியை வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா கருத்தக்கண்ணன் சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே நின்றது.

“சம்பந்தி, அந்த எலை யாருக்கு?”

மாமா திரும்பிப் பார்த்தார். கதவு இடுக்கில் பஞ்சம்மாள் நின்றிருந்தாள். சாமிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எழுதினால் அதுதான் பொய். கிழட்டு மாட்டைக் கன்று என்று சொல்லிச் சந்தையில் விற்றிருக்கிறார். ஆனால் கேட்டவருடைய முகத்தை அவர் பார்த்துவிட்டார். கருத்தக்கண்ணன் தன் இலையை மறந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல, எங்க வீட்டுலயும் இப்பிடி ஒரு எலை போடுவோம்” என்றார் கருத்தக்கண்ணன். “புலி தின்ன தம்பிக்குன்னு.”

“தம்பிக்கா?”

“ஆமா. அண்ணன் பசுவைத் தேடிக் கீழ எறங்கிப் போயிட்டாராம். பனியில வழி தவறிப் போச்சு. பசுவைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வந்து பாத்தா தம்பியவுங் காணல, அவன் பொஞ்சாதியவுங் காணல. பாறை ஓரத்துல ரத்தமாக் கெடந்துச்சாம். புலி ரெண்டு பேரையுந் தின்னுருச்சுன்னு அழுதுக்கிட்டே வருசநாட்டுப் பக்கம் எறங்கிட்டாராம்.”

ஒச்சாண்டி மாமா கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

“அய்யா, அது புலி அடிச்ச ரத்தமில்லையா. பிள்ளை பெத்த ரத்தம்! நாங்கதேன் அந்தப் பிள்ளை வம்சம். நாங்க அரைமலையான் வகையறா!”

“நாங்களுந்தானே” என்றார் கருத்தக்கண்ணன். “அண்ணனும் எறங்குன எடத்துல கேட்டவுகளுக்கு அரை மலையிலருந்துன்னுதேன் சொன்னாராம், அந்த எடத்துச் சாமியவே கும்பிட்டாராம். மொளகாத் தோட்டத்தார்ங்கிறது ஊரு வச்ச பேரு.”

இரண்டு பேரும் எச்சில் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அழுதார்களா சிரித்தார்களா என்று ராமுத்தாய்க்கு அப்போதும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. பந்தியே எழுந்து நின்றுவிட்டது. கூட்டத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எல்லோரும் கதவு இடுக்கைப் பார்த்தார்கள். பஞ்சம்மாள் அங்கே இல்லை.

சுருளியாண்டி மெல்ல வந்து, “எத்தனையோ தலைமுறை ஆச்சு. சாமியும் வேற வேற. இதைக் கண்டுக்கிடாம விட்டுட்டா என்ன?” என்றார்.

“அண்ணன் தங்கச்சிக்கு எப்பிடியா தாலி கட்டுறது?” என்று கருத்தக்கண்ணனும் ஒச்சாண்டியும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். அதுவரை இவர்களுக்குள் ஒற்றுமை இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோபத்தில் ஒன்றாகிவிட்டார்கள். முத்துக்கருப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கை கழுவினான். வண்டி ஏறும்போது ஒச்சாண்டியைப் பார்த்து, “வர்றேன் சின்னய்யா” என்றான். காலையில் வந்து இறங்கும்போது “மாமா” என்று கூப்பிட்டவன், சித்தப்பா முறைக்கு மாறிவிட்டான்.

மாமாவுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நான் பிற்பாடு கேட்டேன். “தேன் மாதிரி இருந்துச்சு மாப்ள. அப்பறம் வீட்டுக்குள்ள போயி எம் மக மொகத்தப் பாத்தேன். ஏண்டா இந்தப் பேருல பெறந்தோம்னு இருந்துச்சு” என்றார்.

ராமுத்தாய் விடவில்லை. “ஆசைப்பட்ட பங்காளி கெடச்சிட்டாகல்ல? வாழை மரங் கட்டிக் கொண்டாடுங்க!” என்று கத்தினாள். பஞ்சம்மாள் கத்தவில்லை. அப்பனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச மாட்டாள். அவர் செவலையிடம் சொல்லி அழுவார். அது கேட்டுக்கொண்டு அசை போடும்.

அடுத்த தை கழித்துத்தான் நான் மாப்பிள்ளையாக வந்தேன். கூடலூர் வேலுச்சாமி; வகையறாவை நாலு பேர் நாலு திசையில் விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முத்துக்கருப்பன் வந்தான், அண்ணன் முறைக்குச் சீர் எடுத்துக்கொண்டு. மனசில் என்ன இருந்ததோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பஞ்சம்மாள் சீரை வாங்கிக்கொண்டாள். அண்ணன் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கென்ன, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் “மயிலாடும்பாறைக்காரக வந்தாக, போனாக” என்பாள். வீட்டுக்கு வந்தால் “வாங்க” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். ஒருத்தனைப் புருஷனாக நினைத்துப் பார்த்த மனசு, மறுநாளே அவனை அண்ணன் என்று சொல்லிவிடுமா? நான் அவளை வற்புறுத்தவில்லை.

அப்பனோடு பேச்சு வந்தது என் மூத்த மகள் பிறந்தபோதுதான். பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து, “பச்சைப் பிள்ளை மேல தண்ணி படுது, தள்ளிக்கங்கப்பா” என்றாள். அவ்வளவுதான் சமாதானம். ஆனாலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. “பங்காளி கெடச்சிட்டான் மாப்ள. ஆனா எம் மக வாயால அவன அண்ணேன்னு கூப்பிடாதவரைக்கும், அந்த மலையில பிரிஞ்சவுக இன்னும் சேரல” என்பார்.

அந்தப் பந்திக்குப் பிறகு அவர் வீட்டில் தனி இலை போடுவது நின்றுவிட்டது. “அண்ணந்தேன் தப்பிச்சிட்டாருல்ல, அப்பறம் யாருக்கு எலை?” என்றார். வழியில் ஆட்களை நிறுத்திக் கேட்பதும் நின்றது. சுயம்புலிங்கத்துக்குத்தான் என்னவோ போல் இருந்தது. “கேள்வி கேக்காம சரக்க எறக்கிட்டுப் போறீய, கடையே வெறிச்சுன்னு கெடக்கண்ணாச்சி” என்றார். அந்த நாட்களை நினைத்தால் எனக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிற வண்டி வரிசை, சலங்கைச் சத்தம், எங்கிருந்தாலும் கேட்கிற அந்த ஒரே கேள்வி. இப்போது லாரிக்காரன் எவன் யாரை நிறுத்தி எதைக் கேட்கிறான்?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் ஆளாய்ப் பறந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் காலை, வண்டி பூட்டப் போனவர் தொழுவிலேயே சாய்ந்து உயிரை விட்டுவிட்டார். கேதம் சொல்லி மயிலாடும்பாறைக்கு ஆள் போயிற்று. மலையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் எப்போது வந்து சேர்வார்களோ என்று ஊரில் முணுமுணுத்தார்கள். வந்தார்கள். அப்பனும் பிள்ளைகளும் சித்தப்பன் பெரியப்பன் மக்களுமாக ஒரு பெருங்கூட்டம். அத்தனை பேரும் அரைமலையான்.

நீர்மாலை எடுக்கப் போனோம். வெள்ளை வேட்டி விரித்ததும் முனையைப் பிடிக்கப் போட்டி. நான் பிடிக்கிறேன், நீ நேற்றுப் பிறந்தவன், தள்ளு என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காதவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். வேட்டி ஒரு இடத்திலும் தொய்யவில்லை. எந்தப் பயல் சிரிக்கிறான் பார்ப்போம் என்று நான் கூட்டத்தை முறைத்துக்கொண்டே வந்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அதைப் பார்க்க அவர் இல்லையே என்று எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. கொள்ளிக்குடத்தை முத்துக்கருப்பன் தூக்கினான். மொட்டை அடித்துக்கொண்டு, பெற்ற அப்பனுக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்தான்.

கருமாதி அன்றைக்கு மதியம் பந்தி விரித்தார்கள். முத்துக்கருப்பன் மொட்டைத் தலையோடு நின்று எல்லோருக்கும் இலை போட்டுக்கொண்டிருந்தான். அப்போது பஞ்சம்மாள் அடுக்களையிலிருந்து ஓர் இலையோடு வந்தாள். பந்தியை விட்டுத் தள்ளி, மலையைப் பார்த்த மாதிரி அதைப் போட்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், அப்பளத்தை ஓரத்தில் வைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஓர் இலை விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்துக்கருப்பன் தயங்கித் தயங்கி வந்து கேட்டான்.

“அந்த எலை யாருக்கும்மா?”

பஞ்சம்மாள் செம்பில் தண்ணீர் மோந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஒனக்குத்தேன் அண்ணே. சோறு ஆறிப் போகுது, ஒக்காரு.”

அவன் உட்கார்ந்தான்.